எண்ணூர் கழிமுகம்: கேளுங்கள், சொல்கிறேன்

அண்ணா, கொசஸ்தலை ஆற்றில் கால் வைத்தால் சிமெண்ட் குழம்பு மாதிரி உள்ளே இழுக்கிறது. என்ன சேறு அது? (அத்திப்பட்டு)

சேறு இல்லை தம்பி, நிலக்கரிச் சாம்பல். வட சென்னை அனல்மின் நிலையம் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறது. குழாய் இற்றுப்போன இடத்தில் பீய்ச்சி அடித்து, ஆற்றிலேயே படிந்து மேடாகிவிட்டது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குத்தான் முதல் அடி. ஆர்சனிக், காரீயம், பாதரசம் எல்லாம் அந்தச் சாம்பலில் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளம் கடலுக்கு வடிகிற வாசலும் இந்தக் கழிமுகம்தான்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்தால் கேஸ் நிற்குமா? (மணலி)

புகாருக்கு உதவும், குற்ற வழக்குக்கு ஆகாது. 1974 நீர்ச் சட்டம் 21-வது பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிதான் ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரி எடுத்து, சீல் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இவ்வளவு கறார் கிடையாது. சாட்சியச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது, தீர்ப்பாயமே அதிகாரிகளின் கூட்டுக்குழுவை அனுப்பிப் பார்க்கச் சொல்லும். ஆனால் தேதி முக்கியம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில் மனுப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். நஷ்டஈடு கேட்க 5 வருடம். குழாய் ஒழுகுவதைப் பார்த்த அன்றைக்கே போட்டோ எடுத்து, புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் கண்துடைப்புதானே? (திருவொற்றியூர்)

போகாவிட்டால் நிச்சயம் கண்துடைப்புதான். புதுத் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடுவதற்கான 2006 அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப்பு அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும், பேசியது முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டியாக வேண்டும். நம் ஆட்கள் ஆவேசமாகப் பேசிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வாசிக்கும்போது உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள். எழுத்திலும் ஒரு பிரதி கொடுங்கள், தேதி போட்டு.

2023 டிசம்பர் புயலில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அதற்கும் இதே வழியா? (காட்டுக்குப்பம்)

அந்த விஷயத்தைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொண்டது. நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தால் மீன்வளத்துறையிடம் கேளுங்கள்.

ஏசி போட்டுக்கொண்டு அனல்மின் நிலையத்தை எதிர்க்கிறீர்களே, கரண்ட் வேண்டாமா? (அண்ணாநகர்)

வந்துவிட்டீர்களா! குழாயை மாற்றச் சொன்னால் கரண்ட் வேண்டாமா என்று கேட்கிறீர்கள். குழாய் ஒழுகினால்தான் பல்பு எரியுமா? வட சென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். இரண்டும் ஒரே கழிமுகத்தின் பக்கத்தில். கரண்ட் மாநிலம் முழுக்கப் போகிறது, சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகிறது. புதிதாக நிலக்கரி நிலையமே வேண்டாம் என்பது என் கருத்து, அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஆற்றில் சாம்பல் விழாமல் பார்ப்பதற்கு அந்தக் கருத்து தேவையே இல்லை, இருக்கிற சட்டம் போதும்.

சாம்பலில்தான் செங்கல் செய்கிறார்களே? (மறுபடி அண்ணாநகர்)

செய்கிறார்கள். மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை சாம்பலை 100 சதவீதம் பயன்படுத்தச் சொல்கிறது, மிச்சம் வைத்தால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. சிமெண்ட் கம்பெனிகள் கேட்பது உலர்சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்டதை யார் வாங்குவார்? ஆற்றில் விழுந்ததை எந்தச் சூளைக்கு அனுப்புவீர்கள்?

அண்ணாநகர்க்காரர் சொல்வதும் நியாயம்தானே, வேலைவாய்ப்பு... (பொன்னேரி)

மீன் பிடிப்பதும் வேலைதான் ஐயா. இதோடு இந்தப் பஞ்சாயத்தை விடுவோம்.

காக்கா ஆழி பரவியதற்கும் சாம்பல்தான் காரணமா? (பழவேற்காடு)

அது தென்னமெரிக்கச் சிப்பி. கப்பலோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். சாம்பலோடு சேர்த்து ஒரே மனுவில் எழுதாதீர்கள், இரண்டும் குழம்பிப்போகும்.

சார், பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபில்... (மீஞ்சூர்)

மணலிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாரியத்தில் புகார் கொடுத்தேன், பதிலே இல்லை. (எர்ணாவூர்)

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, புகார் மீது என்ன நடவடிக்கை, கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. புகாரில் தேதி இருக்கிறதா? ரசீது வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே புதிதாக ஒன்று கொடுங்கள்.