மோஷிக்கு ஒரு மூட்டைத் துணி

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26. பையர், சாம்பிள், ஷிப்மென்ட் என்று ஓடி ஓடி அலுத்துவிட்டது. யாருக்காவது உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. தான்சானியாவில் மோஷி என்ற ஊரில் ஓர் அநாதை இல்லத்தில் மூன்று வாரம் தன்னார்வலராக இருக்க ஒரு ஏஜென்சி ஏற்பாடு செய்கிறது. தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஒன்றரை லட்சம், விமான டிக்கெட் தனி. பிள்ளைகளோடு விளையாடுவது, ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, இதுதான் வேலை. முன் அனுபவம் தேவையில்லை, அன்பு இருந்தால் போதும் என்கிறார்கள். காதர்பேட்டையில் நூறு டீ-ஷர்ட் எடுத்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறேன். நீங்கள் அந்த ஊரில் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரு பெண் தனியாகப் போவது பாதுகாப்பானதா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? இந்த ஏஜென்சியை நம்பலாமா? அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பிரபா, திருப்பூர்

அன்புள்ள பிரபா,

'அன்பு இருந்தால் போதும்' என்ற வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாகவே இந்த விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்பு போதும் என்றால் உங்களிடம் ஒன்றரை லட்சம் எதற்கு?

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாதுகாப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஜாக்கிரதை அங்கேயும் போதும். இருட்டிய பிறகு தனியாக நடக்க வேண்டாம், போடா-போடா என்கிற வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏற வேண்டாம். சைவம் தாராளமாகக் கிடைக்கும். மஹராகே என்று பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா என்று நம் தண்டுக்கீரை மாதிரி ஒரு கீரை, கூடவே உகாலி என்கிற மக்காச்சோளக் களி. சப்பாத்தியும் உண்டு, அதற்குப் பெயரும் சப்பாத்திதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தத் தடுப்பூசிச் சான்று அட்டை செல்லும், அதனால் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். ஏஜென்சி விஷயம்: தான்சானியாவில் தன்னார்வ வேலைக்குச் சுற்றுலா விசா போதாது. தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு அனுமதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தையாவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, இனி இல்லம்.

என் தம்பி மோஷியில் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்தபோது நான் அவன் வீட்டில் தங்கியிருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த ஓர் இல்லத்துக்கு ஒருநாள் குடும்பத்தோடு போனோம். கார் நின்றதுமே பிள்ளைகள் ஓடிவந்து வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை நேராக வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து, என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்ன ஆரம்பித்தது. பிறகு சமையல்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: அந்தக் குழந்தையின் தாய் சந்தையில் வாழைக்காய் விற்கிறவர், மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

தாய் இருக்கிறார், பிரபா. பத்து மைல் தள்ளி, தலையில் கூடையோடு. வறுமை அந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்திருக்கிறது. நான் பார்த்த ஒரு குழந்தையின் கதை மட்டும் இல்லை இது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்று 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009-ல் அறிக்கை வெளியிட்டது. பக்கத்து நாடான கென்யா, 2017 நவம்பரில் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. 2022-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்புவது என்று அந்த அரசு திட்டம் வகுத்திருக்கிறது. பணம் கட்டி வரும் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கும்வரை இல்லத்தில் பிள்ளைகளும் இருந்தாக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்த காரியம் அது.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் ஐந்து வயதுக் குழந்தை ஓடிப்போய் ஏறுகிறது என்றால் நம் வீட்டில் பதறிவிடுவோம். அங்கே போகிறவர்கள் அதைப் படம் எடுத்துப் 'பாசக்காரப் பிள்ளைகள்' என்று போடுகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு அக்கா வருகிறாள், கட்டிப்பிடிக்கிறாள், அழுதுகொண்டே விமானம் ஏறுகிறாள். அடுத்த திங்கட்கிழமை வேறு ஒரு அக்கா. இதையே வருடக்கணக்கில் அனுபவிக்கும் குழந்தை, யாரிடம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளவும் யாரையும் நம்பாமல் இருக்கவும் ஒரே நேரத்தில் பழகிவிடுகிறது. நீங்கள் நல்லவர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நல்லவர்கள் செய்தாலும் அந்தக் குழந்தைக்கு இதே கதிதான். போகாதீர்கள். அங்கே போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றும் சொல்லாதீர்கள்.

உகாண்டாவின் ஜிஞ்ஜாவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்க இளம்பெண், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக அங்கே ஒரு மையம் நடத்தினார். 2010-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருவர் 2019-ல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம், அவர் தரப்பு பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, அது சமரசத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணும் அன்போடுதான் போயிருப்பார்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, பெயின்ட் அடிப்பது இரண்டையும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுக்க சுவாஹிலி வழி, உயர்நிலையில் திடீரென்று ஆங்கில வழி. அந்தத் தாவலில் பிள்ளைகள் திணறுவது உண்மை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருவர் வந்து ஏ-பி-சி பாட்டிலிருந்து ஆரம்பித்தால் அது தீராது. பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஆசிரியர்கள் அந்த நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மோஷியில் பெயின்டர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி வேண்டும்.

நான் உண்மையிலேயே கோபப்பட்டது அந்த நூறு டீ-ஷர்ட்டுக்காகத்தான்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நான் இருந்தேன். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளை. லாரி லாரியாகத் துணி வந்தது. கிழிந்த பேன்ட், சாயம் போன நைட்டி, பட்டன் இல்லாத சட்டை. எடுப்பாரில்லாமல் சாலை ஓரமெல்லாம் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. வீட்டையும் படகையும் இழந்த ஒரு மீனவர் அம்மா, அந்தக் குவியலைக் காலால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "நாங்க பிச்சைக்காரங்களாம்மா?" என்று கேட்டார். அனுப்பியவர்களும் அன்பாகத்தான் அனுப்பினார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தக் குவியல் ஒவ்வொரு நாளும் வந்து இறங்குகிறது. மிதும்பா என்பார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தானமாகப் போட்ட துணி அங்கே கன்டெய்னரில் வந்து, பேல் என்கிற 45 கிலோ கட்டாகக் கைமாறுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மோஷி சந்தையில் ஒரு பெண் பேலை உடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கட்டியிருந்த பட்டையை வெட்டியதும் துணி பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. அவர் முகம் மட்டும் இறுகிப்போய், கை வேகவேகமாகத் துழாவியது. பாதிக்கு மேல் பனிக்காலக் கோட்டு. கிளிமஞ்சாரோ ஏறுகிற சுமைகூலிகள் வாங்குவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் ஆறுதல் சொன்னார்.

கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள், இந்தப் பழைய துணி இறக்குமதியை 2019-க்குள் நிறுத்துவது என்று 2016-ல் முடிவெடுத்தன. உள்ளூர் மில்லும் தையலும் பிழைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். உடனே அமெரிக்காவின் பழைய துணி வியாபாரிகள் சங்கம் தன் அரசிடம் புகார் கொடுத்தது. வரியில்லாமல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் சலுகை போய்விடும் என்ற மிரட்டல் வந்தது. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின, தான்சானியாவும்தான். ருவாண்டா மட்டும் நின்றது. 2018-ல் அதன் ஆயத்த ஆடைகளுக்கான சலுகை பறிக்கப்பட்டது. பழைய துணியை வேண்டாம் என்று சொல்லக்கூட ஒரு நாடு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கொண்டுபோவது புதுத் துணிதான், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்தான். ஆனாலும் இலவசமாக வந்து இறங்கும் நூறு டீ-ஷர்ட் எந்தக் கடைக்காரரின் வியாபாரத்தைக் கெடுக்கும் என்று ஒரு மெர்ச்சண்டைசர் யோசிக்க வேண்டாமா? பங்களாதேஷ் ஒரு சென்ட் குறைத்து ஆர்டரைத் தட்டிப்போனால் உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் தூக்கம் தொலைக்கிறீர்கள்!

தான்சானியா பருத்தி இல்லாத நாடும் இல்லை. விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, ம்வான்ஸா, ஷின்யாங்கா பக்கமெல்லாம் பருத்திதான். அதில் பெரும்பகுதி நூலாகக்கூட மாறாமல், வெறும் பஞ்சாகவே கப்பலேறுகிறது. அதன் பிறகு நடக்க வேண்டிய நூற்பு, நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஒரு ஊரே பனியன் தைத்து எப்படி எழுந்து நின்றது என்று பிறந்ததிலிருந்து பார்த்தவர் நீங்கள். அதையெல்லாம் திருப்பூரிலேயே வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரியாத பிள்ளை வளர்ப்பைச் செய்ய மோஷிக்குப் போவேன் என்கிறீர்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வேலை அலுத்துவிட்டது என்பதற்காக அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்த, துணியின் மூட்டுத் தையலைப் பார்த்ததும் எங்கே பிசகியது என்று சொல்லத் தெரிந்த ஆள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு படம் எடுக்கிற ஆளைவிடப் பல மடங்கு அபூர்வம்.

மோஷியின் கடைத்தெருவில் வராந்தாதோறும் கால் மெஷின் வைத்துக்கொண்டு ஃபுண்டிகள், அதாவது தையல்காரர்கள், உட்கார்ந்திருப்பார்கள். தம்பி வீட்டுக்கு எதிர்க் கடையில் ஒருவர் இருந்தார். கிட்டெங்கே என்கிற பூப்போட்ட பருத்தித் துணியை விரித்து, சாக்பீஸ்கூட இல்லாமல், கட்டை விரலால் மடித்து மடித்துக் கோடு போட்டு வெட்டுவார். மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒரு பாவாடையும் சட்டையும் தைத்துக் கொடுத்தார். தையல் பிரிக்க முடியாத அளவு உறுதி. ஆனால் ஒரே அளவில் ஐம்பது சட்டை கேட்டால் ஐம்பதும் ஒவ்வொரு மாதிரி வரும் என்று அவரே சொன்னார். பள்ளிச் சீருடை ஆர்டர் அதனாலேயே கைநழுவிப் போகிறதாம். பேட்டர்ன் அட்டையும் சைஸ் சார்ட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு நாள் வேலை.

அந்த ஊர்க்காரர்கள் யாராவது வந்து தூக்கிவிட வேண்டும் என்று காத்திருப்பவர்கள் இல்லை. அங்கே காபி விவசாயிகள் 1933-லேயே சொந்தமாகக் கூட்டுறவு ஒன்றியம் கட்டிவிட்டார்கள். கூட்டுறவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் மோஷியில் இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிறுவனமான வேட்டாவின் மையமும் இருக்கிறது. அங்கே கடிதம் போட்டு, எனக்கு இது தெரியும், உங்களுக்குத் தேவைப்படுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, குறைந்தது ஆறு மாதத்துக்குப் போங்கள். அதற்கு முன் கொஞ்சம் சுவாஹிலி கற்றுக்கொள்ளுங்கள், தமிழ் நாக்குக்குச் சுலபமாக வரும். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாமல் சுற்றுலா போய்விட்டு வாருங்கள். டாலாடாலா என்கிற மினி பஸ்ஸில் இடித்துக்கொண்டு போங்கள், மலை அடிவாரத்தில் வாழைக்கும் காபிக்கும் நடுவே நடங்கள், உள்ளூர்க்காரர் வீட்டு விடுதியில் தங்கிக் காசு கொடுங்கள். பிள்ளைகளுக்குத் துணி கொடுக்க ஆசையாக இருந்தால், ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் யாருக்குச் சீருடை இல்லை என்று கேட்டு, அந்த வராந்தா ஃபுண்டியிடம் ஆர்டர் கொடுங்கள். கொடுப்பதும் தலைமையாசிரியர் கையாலேயே நடக்கட்டும். நீங்கள் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம்.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். ஆனால் இந்த மூன்று வாரத் திட்டத்துக்காக இல்லை. முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கேளுங்கள்.