முற்று எத்தனைன்னு எண்ணுங்க

அன்புள்ள அக்காவுக்கு,

நான் செட்டிநாட்டுல, கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டைப் பாக்க வர்றவங்களுக்கு சுத்திக் காட்டுற வேலை பாக்குறேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். போன வாரம் வெளிநாட்டுலேருந்து வந்த ஒரு வயசான அம்மா வளவை, அதான் வீட்டு நடுமுற்றத்தை, ஒட்டி இருக்குற சின்ன இருட்டு ரூமைக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க. ஆச்சி நகை வச்ச ரூம்னு சொல்லணும். "ஆச்சி கெப்ட் ஜுவல்ஸ் ரூம்"னு சொன்னேன். அவங்களுக்குப் புரியல, மூணு தடவை கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம் கிராமர் கைடு வாங்கிப் படிச்சா ஒரு பக்கத்துல வாக்கியம் நாலு வகை, சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்னு இருக்கு. இன்னொரு பக்கத்துல டிக்ளரேட்டிவ், இன்டராகேட்டிவ்னு வேற நாலு இருக்கு. எது சரி? இதுல வர்ற க்ளாஸ்னா (clause) என்னன்னே புடிபடல அக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகி

தங்கச்சிக்கு,

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அழாதீங்க. உங்களுக்கு வாக்கியம் தெரியாம இல்ல, தமிழ்ல எந்த வரிசையில வார்த்தை நிக்குமோ அதே வரிசையில இங்கிலீஷ் வார்த்தைய நிறுத்தியிருக்கீங்க, நடந்தது அவ்வளவுதான்.

"நகை வச்ச ரூம்"ல வர்ற 'வச்ச' பெயரெச்சம், அதாவது பின்னாடி ஒரு பேர் வந்தாத்தான் முழுசாகுற வினை. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நன்னூல்ல பவணந்தி முனிவர், வினை ஆறு விஷயத்தைத் தரும்னு சொல்றாரு: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். இப்ப பாருங்க, நகை வச்ச ஆச்சி, நகை வச்ச ரூம், நகை வச்ச நாள், ஆச்சி வச்ச நகை. நாலு எடத்துலயும் 'வச்ச' கொஞ்சங்கூட மாறல, ஆனா வச்சது ஆச்சி, வச்ச எடம் ரூம், வச்சப்ப அந்த நாள், வச்ச பொருள் நகைன்னு கேக்குற நமக்கு தானா வெளங்கிடுது. இங்கிலீஷ்ல பொதுவா அப்படி விட மாட்டாங்க, ஒரு வார்த்தை போட்டு சொல்லிடுவாங்க. ஆச்சின்னா ஹூ, ரூம்னா வேர் (where), நாள்னா வென், நகைன்னா தட் இல்லாட்டி விச். பெயரை மொதல்ல வச்சு, அதுக்கப்புறம் இந்த ஒட்டுவார்த்தைய வச்சு, அதுக்கும் பின்னாடிதான் மத்ததெல்லாம் வரும். நம்ம ஊர்ல வர்ணனை பேருக்கு முன்னாடி நிக்கும், அங்க பேருக்குப் பின்னாடி நிக்கும்.

த ரூம் வேர் ஆச்சி கெப்ட் ஹெர் ஜுவல்ஸ்.

இந்த 'கெப்ட்'டை நல்லா கவனிங்க, அது பாதியில நிக்கிற எச்சம் இல்ல, தானே முடிஞ்சு நிக்கிற வினை, அதாவது முற்று. வேருக்கு அப்புறம் வர்ற துண்டுக்கு ஆச்சின்னு தனி எழுவாய், கெப்ட்னு தனி முற்று. க்ளாஸ்னா இதுதான், ஒரு எழுவாயும் ஒரு முற்றும் சேந்து நிக்கிற துண்டு. நான் படிச்ச ஸ்கூல்ல இதுக்கு டெஃபனிஷனை அம்பது தடவை எழுத வச்சாங்க, எழுதினேன், ஒண்ணும் ஏறல. அடுத்த பீரியட்லயே தமிழ் டீச்சர் முற்று, எச்சம்னு அவ்வளவு தெளிவா நடத்துவாங்க, ஆனா அதையும் இதையும் சேத்து யாரும் எங்களுக்கு சொல்லித்தரல, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

ஒரு வாக்கியம் எடுத்துக்குவோம். "கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க இப்ப நாம நிக்கிற எடத்துல உக்காந்தாங்க." வந்த, நிக்கிற ரெண்டும் எச்சம், உக்காந்தாங்க மட்டும்தான் முற்று. இதையே இங்கிலீஷ்ல சொன்னா, "த விமன் ஹூ கேம் ஃபார் த வெட்டிங் சாட் வேர் வீ ஆர் ஸ்டாண்டிங் நவ்." முற்றுக்குக் கீழ பென்சில்ல கோடு போடுங்க: கேம், சாட், ஆர் ஸ்டாண்டிங். (ஆர் ஸ்டாண்டிங் ரெண்டு வார்த்தைதான், ஆனா ஒரே முற்று. ஸ்டாண்டிங் மட்டும் தனியா வந்தா அது முற்று இல்ல, டு ஸ்டாண்டும் இல்ல.) மூணு முற்று, அதனால மூணு க்ளாஸ். ஹூவோ வேரோ முன்னாடி நின்னு புடிச்சுக்காத முற்று எது? சாட். அதுதான் மெயின் க்ளாஸோட முற்று, மத்த ரெண்டும் அதை அண்டி நிக்கிற சப்பார்டினேட் க்ளாஸ். தமிழ்ல நாம எவ்வளவு நீளமாப் பேசினாலும் எச்சமா அடுக்கிக்கிட்டே போயி கடைசியில ஒரே முற்றுல முடிச்சுடலாம், அங்க ஒவ்வொரு க்ளாஸுக்கும் ஒரு முற்று குடுக்கணும். வர்றவங்க வேகமா நீளமாப் பேசினாலும் பயப்படாதீங்க, முற்றை மட்டும் காதால புடிங்க.

கைடுல நீங்க பாத்த ரெண்டு பிரிவுமே சரிதான். டிக்ளரேட்டிவ் வகையறா, வாக்கியம் எதுக்காக வருதுன்னு பாத்துப் பிரிச்சது, நம்ம செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி வாக்கியம் மாதிரி. சிம்பிள் வகையறா, உள்ள எத்தனை க்ளாஸ், எப்படி ஒட்டியிருக்குன்னு பாத்துப் பிரிச்சது. ஒரு க்ளாஸ்னா சிம்பிள். சமமா இருக்குற ரெண்டை அண்ட், பட், ஸோ வச்சு சேத்தா காம்பவுண்ட். ஒண்ணை ஒண்ணு அண்டி நின்னா காம்ப்ளெக்ஸ். ரெண்டு விதமும் சேந்தா நாலாவது. "தே கேம், ஏட் அண்ட் லெஃப்ட்" மட்டும் குழப்பும், முற்று மூணு இருந்தாலும் எழுவாய் ஒண்ணுங்கறதால அதை சிம்பிள்லதான் சேப்பாங்க.

இன்னொண்ணு. தேக்கைக் காட்டி "பிகாஸ் த வுட் கேம் ஃப்ரம் பர்மா, ஸோ இட் இஸ் ஸ்ட்ராங்"னு இங்க நெறைய பேர் சொல்லக் கேட்டிருக்கேன். பிகாஸ் போட்டாலே அந்தத் துண்டு அடுத்ததை அண்டி நின்னுடுச்சு, மறுபடி ஸோ எதுக்கு? ரெண்டுல ஒண்ணை எடுத்துடுங்க. ஆல்தோ போட்டா பட் வேண்டாம், அதுவும் இதே கணக்குதான். 'மழை பெஞ்சாலும் வந்தாங்க'ன்னு 'உம்'மை ஒரு தடவைதானே சொல்றோம்.

வளவு, பட்டாலை இந்தப் பேரையெல்லாம் கோர்ட்யார்ட், ஹால்னு மாத்திச் சொல்லாதீங்க. பேரை அப்படியே சொல்லி, ஒரு கமா அளவுக்கு மூச்சு விட்டு, விச் போட்டு வெளக்குங்க: "திஸ் இஸ் த வளவு, விச் இஸ் அவர் கோர்ட்யார்ட்." அப்புறம் ரெண்டு எட்டு நடந்து அந்த இருட்டு ரூம் வாசல்ல நின்னு, "அண்ட் திஸ் இஸ் த ரூம் வேர் ஆச்சி கெப்ட் ஹெர் ஜுவல்ஸ்." நாளைக்கே சொல்லிப் பாருங்க. அவங்க என்ன திருப்பிக் கேட்டாங்கன்னு எழுதுங்க, நீங்க சொன்ன பதிலையும் முற்றுக்குக் கீழ கோடு போட்டு அனுப்புங்க.