குறைமாதத்தில் பிறந்தால் குழந்தையின் மரபணுவே மாறிவிடுமா?

30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு டி.என்.ஏ. மாறிப்போகும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அப்படியொரு குழந்தை இருப்பதாக எடுத்துக்கொண்டே சொல்கிறேன்: டி.என்.ஏ.வின் எழுத்துவரிசை மாறுவதில்லை. அந்த எழுத்துகளில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில் ஒட்டியிருக்கும் மெத்தில் குழு என்ற சிறு வேதிக்குறிதான் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருக்கிறது.

அந்த வித்தியாசத்திலும் பெரும்பகுதிக்குக் காரணம் கருவின் வயது. வயிற்றில் வாரத்துக்கு வாரம் இந்தக் குறிகள் மாறிக்கொண்டே வரும். 2016இல் வெளியான ஒரு கணிப்பு முறை, 148 இடங்களின் அளவை வைத்தே குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கணித்துவிடுகிறது. 30 வாரத்தை 40 வாரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

இந்தக் குறிகளை ரத்தத்தில் அளக்கும்போது பலர் கோட்டை விடுவது, அதில் எந்த அணு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதில். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, டி.என்.ஏ.வும் கிடையாது. குறைமாதக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் உட்கரு நீங்காத சிவப்பணுக்கள் நிறைய இருக்கும். அவற்றில் மெத்தில் அளவு வெள்ளையணுக்களைவிடப் பொதுவாகக் குறைவு. ரத்த மாதிரியில் அவை கூடினாலே மொத்த அளவு இறங்கிவிடும், எந்த செல்லிலும் எதுவும் மாறாமலே. அதனால் எந்த அணு எவ்வளவு என்று கணக்கிட, இந்த அணுக்களையும் சேர்த்துத் தயாரித்த தொப்புள்கொடி ஒப்பீட்டுத் தரவு கட்டாயம் வேண்டும். பெரியவர்களின் ரத்தத் தரவைப் போட்டால் விடை தப்பு.

ஆய்வு செய்பவர்களுக்கு: ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போட்ட குழாய், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். இ.டி.டி.ஏ. போட்ட குழாயை எடுங்கள். கொடியைத் துடைத்து ஊசியால் உறிஞ்சுங்கள். பிழிந்தால் தாயின் ரத்தம் கலந்துவிடும். மெத்தில் இருக்கும் இடங்களைப் பிரித்துக் காட்டும் பைசல்பைட் வினை அரைகுறையாக நின்றால், மெத்தில் இல்லாத சைட்டோசினிலும் மெத்தில் இருப்பதுபோலக் காட்டும்.

எல்லாமே வயதுதான் என்று மழுப்பவில்லை. தொற்று, ஆக்சிஜன், ஸ்டீராய்டு ஆகியவையும் தடம் விடக்கூடும். மெல்போர்னில் 2013இல் வெளியான ஆய்வில், குதிகாலில் குத்தி வடிகட்டித்தாளில் ஒற்றிவைத்த பிறந்தகால ரத்தத்தையும், அதே ஆட்களின் 18 வயது ரத்தத்தையும் பார்த்தார்கள். பிறந்தபோது 1,555 இடங்களில் வித்தியாசம். 18 வயதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது, சில இடங்களில் மட்டும் தங்கியது. குறைமாதத்தில் பிறந்தவர்கள் 12 பேர், நிறைமாதத்தவர் 12 பேர்தான். இதை வைத்து ஒரு குழந்தைக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

வயிறெரிவது இதற்குத்தான்: "நீ சரியாகச் சாப்பிடாததால் பிள்ளையின் ஜீன் கெட்டுவிட்டது" என்று பெற்றவளையே குத்துகிறார்கள், அந்தப் பயத்தில் சத்துமாவும் விற்கிறார்கள். இந்தக் குறிகளைத் திருத்துவதாக நிரூபித்த மாவோ மருந்தோ கிடையாது. அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள்.