தால்மூத் பக்கத்தில் மூலத்தைச் சுற்றி ஏன் இத்தனை உரை?

தால்மூத் என்பது யூதச் சட்டத்தைப் பற்றிய அறிஞர்களின் விவாதத் தொகுப்பு. மூலத்தில் நிறுத்தற்குறியே கிடையாது. கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்பதே புரியாது. ஆசிரியர் இல்லாமல் படிக்க முடியாது என்பதால், ஆசிரியரையே பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நடுவில் மூலம். தைப்பு ஓரமாக, பிரான்சின் டுருவா ஊர்க்காரரான ராஷியின் (1040–1105) உரை. வெளி ஓரத்தில் தோசஃபோத். ராஷியின் பேரன்மார் காலத்தில் வளர்ந்த உரை மரபு அது. திண்ணையில் ஒருவர் வழக்கைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "அவர் சொல்றது இதுதான்" என்று விளக்க, எதிரே இருப்பவர் "அந்த வழக்குல வேற மாதிரி சொன்னீங்களே" என்று மடக்குவார் அல்லவா, கிட்டத்தட்ட அப்படி. விளக்குபவர் ராஷி, மடக்குவது தோசஃபோத். மாணவர்களும் இருவர் இருவராக உட்கார்ந்து சத்தமாக வாதாடித்தான் படிப்பார்கள். மனப்பாடத்தைவிட இது எவ்வளவோ மேல்.

1520களில் வெனிஸில் முழுத் தால்மூதையும் அச்சிட்டு இந்த அமைப்பை நிலைக்கச் செய்த டேனியல் பாம்பெர்க், வேடிக்கையாக, ஒரு கிறிஸ்தவர்.

அப்புறம், உரைகளை அச்சிடும் 'ராஷி எழுத்து' ராஷியின் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்து, மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்ட அச்சகத்தார் எடுத்துக்கொண்ட எழுத்துரு.