அரசு வேறு, அரசாங்கம் வேறு, கண்ணு

கேள்வி: அம்மா, எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது கல்லூரியில் பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. புத்தகம் ஆங்கிலத்தில். சார் விளக்குவது மலையாளத்தில். எனக்கு மண்டைக்குள் ஓடுவது தமிழில். 'ஸ்டேட் என்றால் என்ன' என்ற முதல் பாடத்திலேயே நிற்கிறேன். அப்பா தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். போன வருடம் வாய்க்காலில் தண்ணீர் வராமல் மறியலுக்குப் போய் வந்ததிலிருந்து அரசியல் என்றாலே அவருக்கு எரிச்சல். "நமக்கெதுக்கு அரசியல், பேசாம பி.காம். மாறிக்கோ" என்கிறார். மாறிவிடலாமா? இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

பெயர் வேண்டாம், சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: கண்ணு, பதினெட்டு வயதுப் பிள்ளையை 'நீங்கள்' என்று எழுத எனக்குக் கை வராது. 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. (ஆந்திராச் சித்தூர் வாசகர்கள் இது தங்கள் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். இது பாலக்காட்டுச் சித்தூர்.)

மாறாதே. முதல் பாடத்தில் நிற்கிறேன் என்கிறாயே, நிற்க வேண்டிய இடமே அதுதான். நான் நிற்காமல் ஓடிப் பட்டது இது. முதல் வருடத் தேர்வில் 'ஸ்டேட்டுக்கு உதாரணம் தந்து விளக்குக' என்று ஐந்து மார்க் கேள்வி. கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று எழுதி, தலைநகரங்களையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தேன். அரை மார்க் போட்டிருந்தார்கள். அந்த அரையும் கையெழுத்துக்காக இருக்கும்.

பாடப்புத்தகம் சொல்லும் ஸ்டேட்டுக்கு நான்கு அங்கம்: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (தனக்கு மேலே யாரும் இல்லாத அதிகாரம்). கேரளத்துக்கு முதல் மூன்றும் உண்டு, நான்காவது கிடையாது. உங்கள் தாலுகாவை நாளைக்கே வேறு மாநிலத்தோடு சேர்க்க வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 3-வது பிரிவுப்படி நாடாளுமன்றம் சட்டம் போட்டால் போதும். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்பார்கள், சம்மதம் கேட்க மாட்டார்கள். ஆக, அந்தப் பாடத்தின் கணக்கில் இந்தியா ஒரு ஸ்டேட், கேரளம் அல்ல. ஆனால் அதே ஆங்கிலத்தில் கேரளத்துக்கும் பெயர் ஸ்டேட்தான். குழப்பம் உன்னுடையதல்ல, ஆங்கிலத்தினுடையது.

தமிழ் மட்டும் யோக்கியமா? நாம் ஸ்டேட்டையும் அரசு என்கிறோம், கவர்ன்மென்டையும் அரசு என்கிறோம். பொள்ளாச்சி பஸ்ஸில் 'அரசு' என்று எழுதியிருக்கிறது, 'அரசு கவிழ்ந்தது' என்று பேப்பரில் போடுகிறார்கள். கவிழ்ந்தது அரசாங்கம். கேரளத்தில் 1957-ல் முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். தலைமையில் வந்த மந்திரிசபையை 1959 ஜூலை 31-ல், குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி செய்யும் 356-வது பிரிவைக் கொண்டு கலைத்தார்கள். அரசாங்கம் போனது. தாலுகா ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் எங்கும் போகவில்லை. அரசு என்பது அந்தப் போகாத பகுதி. அதனால் பரீட்சையில் ஸ்டேட்டுக்கு அரசு, கவர்ன்மென்டுக்கு அரசாங்கம் என்று பிடிவாதமாக வைத்துக்கொள்.

இனி உன் சாரின் மலையாளத்துக்கு வருவோம். அங்கே பாடத்தில் வரும் ஸ்டேட் ராஷ்ட்ரம், கேரளம் சம்ஸ்தானம், கவர்ன்மென்ட் சர்க்கார். மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார். ஆங்கிலமும் தமிழும் இடறிய இடத்தில் மலையாளம் சுத்தமாக நடந்து போகிறது. ஆனால் அது வேறு இடத்தில் இடறும். தேசத்துக்கும் அவர்கள் ராஷ்ட்ரம் என்றே சொல்லிவிடுவார்கள். அங்கே நம் தமிழில் தேசம், அரசு என்று இரண்டு சொல் தயாராக இருக்கிறது. மூன்று மொழி உனக்குச் சுமை என்று நினைக்கிறாய். மூன்றும் ஒரே இடத்தில் தடுக்குவதில்லை என்பதுதான் உன் லாபம்.

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்கு, கணக்கு எழுதும் நோட்டு. மூன்று பத்தி கோடு போடு. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுது, பக்கத்தில் மலையாளம், அதன் பக்கத்தில் தமிழ். சாவ்ரின்டி, பரமாதிகாரம், இறையாண்மை. இதில் பரமாதிகாரம் என்ற சொல்லைப் பார்த்தாலே பொருள் வந்துவிடுகிறது: மேலே இன்னொருவர் இல்லாத அதிகாரம். இறையாண்மையை மனப்பாடம் செய்துவிட்டு நான் ஒரு வருடம் அதைக் கடவுள் சம்பந்தப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கான்ஸ்டிடியூஷன் மலையாளத்தில் பரணகடனை. முதல் முறை கேட்டபோது எந்தக் கடனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. நியமசபை என்றால் சட்டமன்றம், நியமன சபை அல்ல. சம்ஸ்தானத்தில் கவனமாக இரு. தமிழில் சமஸ்தானம் என்றால் புதுக்கோட்டை மாதிரி ராஜா இருந்த ஊர். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். கிறிஸ்துமஸ் லீவுக்குள் வகுப்பு உனக்குத் தமிழில் கேட்க ஆரம்பிக்கும்.

படிக்க: தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அரசியல் அறிவியல் புத்தகங்கள் தமிழில் இலவசமாகவே கிடைக்கின்றன. வகுப்புக்குப் போகும் முன் அந்தப் பாடத்தை அதில் ஒரு முறை வாசித்துவிட்டுப் போ. அரசியலமைப்புச் சட்டத்துக்கும் அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு உண்டு. முழுக்கப் படிக்க உட்காராதே, யாராலும் முடியாது. வகுப்பில் ஒரு பிரிவின் எண் காதில் விழுந்தால் அன்று இரவு அந்த ஒரு பிரிவை மட்டும் பார்.

சரி, சித்தூர்க்காரியாக இருப்பதில் இன்னொரு வசதி. உன் கொள்ளுப்பாட்டி சித்தூர் தாலுகாவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால், அவர் கொச்சி மகாராஜாவின் பிரஜை. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளிப் பாலக்காட்டில் இருந்த அவருடைய சொந்தக்காரர்கள் மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாக்காரர்கள். 1949 ஜூலையில் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1-ல் கேரளம். 1957 ஜனவரி 1-ல் பாலக்காடு மாவட்டம். பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே இருந்தார், ஆட்சி மட்டும் மாறி மாறி வந்தது. அதே 1956-ல் செங்கோட்டையும் கன்னியாகுமரியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கமே நின்றன. ஆந்திர எல்லையில் திருத்தணி கைக்கு வர 1960 ஆனது. மாநிலச் சீரமைப்பு என்று வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். உன் வீட்டு மரப்பெட்டியில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பார். எந்த சர்க்கார் முத்திரை, என்ன மொழி, எந்த ஜில்லா என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

அப்புறம் அப்பா.

அரசியலே நமக்கு வேண்டாம் என்கிறார், தண்ணீருக்கு மறியலுக்கும் போயிருக்கிறார். ஹெரால்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-ல் அரசியல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொன்னார்: யாருக்கு, எது, எப்போது, எப்படிக் கிடைக்கிறது. வாய்க்கால் முறைத் தண்ணீரை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. உன் அப்பா வேண்டாம் என்பது கட்சியை. அவர் ரோட்டில் உட்கார்ந்து செய்தது அரசியல். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் உன் பாடமே இருக்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருக்கிறது, அதை இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளத்துக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளக்காரரும் பொள்ளாச்சி வழியாகச் சேத்துமடை ஏறித்தான் போக வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல், ஆனால் 1958 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி எல்லையில் உள்ள மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி, சித்தூர்ப் புழைக்கு (புழை என்றால் ஆறு) தமிழ்நாடு விட வேண்டும். இப்போது உன் பாடத்தை இதில் வைத்துக் கேள். தண்ணீர் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் போடும் விஷயங்களில், இருக்கிறது, அப்படியானால் இரண்டு மாநிலத்தில் ஓடும் ஆறு யாருடையது? மண் ஒருவருடையது, மதகின் சாவி இன்னொருவருடையது என்றால் அதிகாரம் எங்கே இருக்கிறது? தகராறு வந்தால் 262-வது பிரிவு என்ன சொல்கிறது? கூட்டாட்சி பற்றி நீ எழுதப்போகும் முதல் அசைன்மென்ட் இதுதான். மேற்கோள் காட்ட அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அப்புறம் போய்க்கொள்ளலாம்.

மறியலைப் பற்றியும் ஒன்று. போலீஸ் வந்து உன் அப்பாவை வண்டியில் ஏற்றினால் அதற்குப் பெயர் கைது. உன் அப்பா ஒரு அதிகாரியை வண்டியில் ஏற்றினால் அதற்குப் பெயர் கடத்தல். செயல் ஒன்றுதான். முறையான பலத்தைப் பயன்படுத்தும் உரிமை தன்னிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி, அதை மக்களையும் ஒத்துக்கொள்ள வைப்பது எதுவோ அது அரசு என்று மாக்ஸ் வெபர் 1919-ல் ஒரு சொற்பொழிவில் சொன்னதன் அர்த்தம் இவ்வளவுதான். வெபர் பாடம் வரும்போது வகுப்பு கொட்டாவி விடும். நீ இந்த வண்டியை நினைத்துக்கொள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தப் படிப்பில் பாதி. அதற்கு நீ ஒரு டவுன் பஸ் டிக்கெட் எடுத்தால் போதும். கிராம சபை என்பது 243ஏ பிரிவில் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதற்கு உருவம் கொடுப்பது மாநிலச் சட்டம். உன் ஊரில் வார்டுக்கு ஒரு கிராம சபை, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும், வார்டு மெம்பர்தான் கூட்டுவார். எல்லை தாண்டினால் ஊராட்சிக்கே ஒரு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்து நடக்கும். இரண்டுக்கும் போய் ஓரமாக உட்கார். யார் பேசுகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், எதிர்த்துக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது, கையெழுத்து நோட்டு கூட்டத்துக்கு முன்னால் சுற்றியதா பின்னால் சுற்றியதா என்று குறித்துக்கொள். கையெழுத்து நோட்டு எப்போது சுற்றியது என்பதே நிறையச் சொல்லிவிடும்.

கல்லூரி யூனியன் தேர்தல் வரும்போதும் அப்படித்தான். கேரளத்தில் சில கல்லூரிகளில் எல்லா மாணவரும் நேரடியாகச் சேர்மனுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். சில இடங்களில் வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாவதைப் பிரசிடென்ஷியல், அடுத்ததைப் பார்லிமென்டரி என்றே அங்கே சொல்வார்கள். கொடி பிடிப்பதும் பிடிக்காததும் உன் விருப்பம். ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய் என்பது என் அபிப்பிராயம், உத்தரவு அல்ல.

வேலை. மழுப்பாமல் சொல்கிறேன்: இந்த பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு போனால் கதவைத் திறந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். பி.காம். வைத்துக்கொண்டு போனாலும் கதை பெரிய வித்தியாசமில்லை, அதை அப்பாவிடம் சொல். இதை முடித்து மூன்று வருடச் சட்டப் படிப்புக்குப் போகலாம், எம்.ஏ.வும் பி.எட்.டும் செய்து ஆசிரியர் ஆகலாம், நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாம். கேரள பி.எஸ்.சி. தேர்வுகளிலும் யு.பி.எஸ்.சி.யிலும் அரசியலமைப்புப் பகுதி எப்படியும் உண்டு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 2024 முதல் உங்கள் பக்கம் நான்கு வருடத் திட்டம் வந்துவிட்டது, மூன்றாவது வருடத்தோடு வெளியே வந்தாலும் டிகிரி உண்டு. மைனராக, அதாவது துணைப்பாடமாக, எகனாமிக்ஸ் கிடைத்தால் விடாதே. அப்பாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்று இருக்கிறது. அப்பாவும் நீயும் உட்கார்ந்து தண்ணீர் பற்றி ஒரு மனு எழுதுங்கள், தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல். எந்த வாய்க்கால், எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை, எத்தனை மரம் காய்கிறது என்பதை அவர் சொல்லட்டும், அவருக்குத் தெரிந்த அளவு எனக்கோ உன் சாருக்கோ தெரியாது. எந்த ஆபீஸ், எந்தப் பிரிவு என்று நீ தேடிப் போடு. கொடுக்கும்போது ரசீது வாங்க மறந்துவிடாதே. பதில் எத்தனை நாளில், எந்த மொழியில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுது.