மாலையோடு திரும்பி வந்தவருக்கு

கேள்வி: ஈரோடு கனி மார்க்கெட்டில் துண்டு, போர்வை மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 52. பக்கத்துக் கடை பாயும் நானும் இருபது வருஷப் பழக்கம். அவசரத்துக்கு அவர் கல்லாவில் நான் உட்காருவேன், என் கல்லாவில் அவர் உட்காருவார். போன மாதம் அவருடைய அத்தா (அப்பா) தவறிவிட்டார். பெரிய ரோஜா மாலையாகக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு பூ இல்லை. சங்கு இல்லை, பறை இல்லை. அழுகைச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நான் போன ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். பள்ளிவாசல் வரை கூடவே போனேன். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டு மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பழகியும் அவர்கள் மார்க்கம் எங்கே தொடங்கியது, எதை நம்புகிறார்கள் என்று ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. முதலிலிருந்து சொல்வீர்களா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

தம்பி, உங்களைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறேன். நான் உடுமலைப் பக்கத்து முஸ்லிம் பெண், ராவுத்தர் வீடு. என் அத்தா மௌத்தான (இறந்த) அன்று எங்கள் வீட்டு வாசலிலும் இப்படித்தான் இரண்டு மூன்று பேர் உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். அவர்கள் முகம் இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. வந்தார்களே என்பதைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு எங்கள் மனதில் இல்லை.

மாலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மய்யித்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்கு, மாலை போடும் வழக்கம் எங்களில் கிடையாது. சில ஊர்களில் உடலைத் தூக்கிச் செல்லும் சந்தூக்குப் பெட்டியின் மேல் பூப்போர்வை போர்த்துவார்கள், பல ஊர்களில் அதுவும் வேண்டாம் என்பார்கள். நீங்கள் அதை உள்ளே கொண்டுபோயிருந்தாலும் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். வாங்கி ஒரு ஓரமாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் துணி வியாபாரி. அதனால் துணியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் போய்ச் சேருவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் தெரியுமா? இறந்தவரை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்திருக்கும். பெற்ற மகன்தான் பெரும்பாலும் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவார். பக்கத்து அறையில் வெள்ளைத் துணியை விரித்து, இறந்தவருக்குச் சுற்றும் கபன் துணியை வெட்டுவார்கள். நம் பக்கத்துத் தறிகளில் ஓடும் காடா மாதிரியான சாதாரணப் பருத்தித் துணிதான். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. ஊசி நூல் அதில் படாது. ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு, பிறகு கையாலேயே சர்ரென்று கிழிப்பார்கள். உங்கள் கடையில் நாள் முழுக்கக் கேட்கிற அதே சத்தம்தான். என் அத்தாவுக்குக் கிழித்த அந்தச் சத்தத்தில்தான் அவர் போய்விட்டார் என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் இஸ்லாம் மார்க்கத்தின் வரலாற்றிலும் ஒரு போர்வை முக்கியமான இடத்தில் வருகிறது. அரபு நாட்டு மக்கா வணிகர்களின் ஊர். அங்கே 570ஆம் ஆண்டு வாக்கில் முஹம்மது நபி (ஸல்) பிறந்தார்கள். பிறக்கும் முன்பே தந்தை இல்லை, ஆறு வயதில் தாயும் இல்லை. பாட்டனார் வளர்த்தார், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிப் வளர்த்தார். வளர்ந்ததும் வியாபாரத்துக்குப் போனார்கள். கதீஜா என்ற விதவை அம்மையார் பெரிய வணிகர். அவருடைய சரக்கை ஒட்டகக் கூட்டத்தோடு ஷாம் (சிரியா) நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றுவந்து காசு சுத்தமாகக் கணக்குக் கொடுத்த இந்த இளைஞரின் நாணயத்தைப் பார்த்து, அந்த அம்மையாரே திருமணத்துக்குக் கேட்டு அனுப்பினார். ஊரார் முஹம்மதுக்கு வைத்திருந்த பெயர் 'அல் அமீன்'. நம்பிக்கைக்குரியவர் என்று அர்த்தம்.

நாற்பது வயதில், 610ஆம் ஆண்டு, ஹிரா குகையில் தனித்திருந்தபோது ஜிப்ரீல் என்ற வானவர் வந்து 'ஓதுவீராக' என்றார். அதுதான் குர்ஆனின் முதல் வசனம் இறங்கிய நேரம். நபி நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்தார்கள். "என்னைப் போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்" என்றார்கள். கதீஜா அம்மையார் போர்வையை எடுத்துப் போர்த்தி, நடுக்கம் நின்ற பிறகு, "இறைவன் உங்களைக் கைவிட மாட்டான். நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இல்லாதவருக்குக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள்" என்று தேற்றினார். இந்த மார்க்கத்தை முதன்முதலில் ஏற்றவர் ஒரு பெண், ஒரு வியாபாரி. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே இறைவன் என்ற சொல்லை மக்காவின் பெரியவர்கள் பொறுக்கவில்லை. துன்பம் மிஞ்சவே 622இல் நபி மதீனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஹிஜ்ரத்திலிருந்துதான் எங்கள் ஆண்டுக் கணக்கு தொடங்குகிறது. போர்களும் உடன்படிக்கைகளும் கடந்து 630இல் மக்கா அவர்கள் வசமானது. 632இல் மதீனாவில் காலமானார்கள். மூன்று வெள்ளைப் பருத்தித் துணிகளில் கபனிட்டார்கள். ஊரே நம்ப மறுத்துக் கதறியபோது அவருடைய தோழர் அபூபக்கர் எழுந்து, "முஹம்மதை வணங்கியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், முஹம்மது இறந்துவிட்டார். அல்லாஹ்வை வணங்கியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், அல்லாஹ் உயிரோடிருக்கிறான், அவனுக்கு இறப்பில்லை" என்றார்.

அந்த அபூபக்கர் உங்கள் தொழில்காரர், தம்பி. ஜவுளி வியாபாரி. நபிக்குப் பின் முதல் கலீஃபாவாக, அதாவது சமூகத் தலைவராக, ஆன மறுநாளும் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டாராம். இன்னொரு தோழர் உமர்தான் தடுத்து, பொது நிதியிலிருந்து குடும்பச் செலவுக்கு ஏற்பாடு செய்தார். சாகும் தறுவாயில், தாம் உடுத்தியிருந்த பழைய துணியையே துவைத்துக் கபனில் சேர்க்கச் சொன்னார் அபூபக்கர். மகள் ஆயிஷா, "இது பழசாயிற்றே" என்றபோது, புதுத்துணி இறந்தவனைவிட உயிரோடிருப்பவனுக்குத்தான் தேவை என்றார்.

இனி நம்பிக்கை. அல்லாஹ் ஒருவன். உருவம் கிடையாது, பெற்றோர் கிடையாது, பிள்ளை கிடையாது. அவனுக்கு நிகராக எதுவும் இல்லை. முஹம்மது நபி அவனுடைய கடைசித் தூதர். இந்த இரண்டையும் வாயால் சொல்லி மனதால் ஏற்பதுதான் கலிமா. வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி ஆகியவற்றையும் நம்புகிறோம். கிறிஸ்தவ நண்பர்கள் கும்பிடும் ஏசுவை ஈசா நபி என்கிறோம், இறைமகன் என்று மட்டும் ஏற்பதில்லை. அவருடைய தாயார் மர்யம் பெயரில் குர்ஆனில் ஒரு அத்தியாயமே உண்டு. மொத்தம் 114 அத்தியாயங்கள். அரபியில்தான் ஓதுகிறோம். தமிழில் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. பொருள் தெரியாமல் ஓதிவிட்டு மூடிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் எங்கள் வீடுகளில் அதுதான் அதிகம் நடக்கிறது.

தொழுகையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சுபுஹு, லுஹர், அஸர், மக்ரிப், இஷா என்று ஐந்து வேளை. செவ்வாய்ச் சந்தை நெரிசலிலும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் உங்கள் நண்பர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவார். கை, வாய், முகம், கால் கழுவி ஒளு செய்து, மக்காவின் காபா பள்ளி இருக்கும் திசையில் நிற்பார்கள். நம் ஊரிலிருந்து மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்த திசை. வரிசையில் யார் பக்கத்தில் யார் என்ற கணக்கில்லை. முதலாளியின் தோளும் மூட்டை தூக்குபவரின் தோளும் ஒட்டித்தான் நிற்க வேண்டும்.

நோன்பு உங்களுக்குத் தெரிந்ததே, கஞ்சியும் வந்திருக்கும். சந்திர ஆண்டு சுமார் 354 நாள்தான் என்பதால் ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மார்கழிக் குளிரிலும் வரும், அக்னி நட்சத்திரத்திலும் வரும். நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு.

ஜகாத் என்ற கட்டாயக் கொடையைப் பற்றி உங்களுக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், கணக்குத் தெரிந்தவர். ரமலான் இரவுகளில் பாய் கடையில் உட்கார்ந்து இருப்புச் சரக்கை எண்ணியிருப்பார். வரிக் கணக்குக்கு என்று நினைத்திருப்பீர்கள். தேவை போக மிஞ்சி ஒரு வருஷம் கையில் நிற்கும் பணம், தங்கம், விற்பனைச் சரக்கு எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். அதாவது இரண்டரை சதவீதம். தங்கத்தில் பார்த்தால் சுமார் 11 பவுன் மதிப்பு உள்ளவருக்கே இந்தக் கடமை. கடைக் கட்டடத்துக்குக் கிடையாது, உள்ளே அடுக்கியிருக்கும் போர்வைக்கு உண்டு. பத்து லட்சத்துக்கு இருபத்தைந்தாயிரம். இதைத் தர்மம் என்று நாங்கள் நினைப்பதில்லை. அது ஏழையின் பங்கு, நம் கல்லாவில் இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதே போல வட்டி கூடாது, வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. எல்லாரும் சரியாக நடக்கிறோமா என்றால் இல்லை. ஃபைனான்ஸ் புழங்கும் நம் ஊரில் அது பெரிய சோதனை. இருபது வருஷத்தில் பாய் உங்களிடம் கைமாற்று வாங்கியிருப்பார், வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வசதியும் உடல்பலமும் உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை மக்காவுக்கு ஹஜ் பயணம். அங்கேயும் ஆண்களுக்கு இரண்டு வெள்ளைத் துணிதான், தைக்காதது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் அரஃபா மைதானத்தில் அந்த உடையில் நிற்கும்போது யார் எந்த ஊர்ப் பெரிய மனிதர் என்று சொல்ல முடியாது. போய்வந்த பலர் அந்தத் துணியைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள், தங்கள் கபனுக்காக.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று நம் ஊரில் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரபு வணிகர்கள் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே மலையாளக் கரைக்கும் சோழமண்டலக் கரைக்கும் வந்து போனவர்கள். அதே கப்பல்களில் புது மார்க்கமும் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கும் கொங்கு நாட்டுக்கு எந்தச் சரக்கும், எந்தச் சொல்லும் வந்து சேர நாளாகாது. கொங்கில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களில் பலரும் தக்காணம், மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். ராவுத்தர்களான எங்களுக்குத் தாய்மொழி தமிழ்தான். ராவுத்தர் என்றால் குதிரைவீரர். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே 'ராவுத்தனே' என்று கூப்பிட்டுப் பாடியிருக்கிறார். நான் வளர்ந்த தெருவில் கவுண்டர் வீட்டுப் பெரியவர் எனக்கு மாமா. "ஏங்கண்ணு, அத்தா இருக்காருங்களா?" என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் வந்து உட்காருவார். நீங்கள் கடை வைத்திருக்கும் மார்க்கெட்டே அப்துல் கனி என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்போது நீங்கள் வாசலில் நின்ற அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். உள்ளே நடந்தது ஜனாஸா தொழுகை. குனிவதும் இல்லை, சிரம் வைப்பதும் இல்லை, நின்றபடியே நான்கு தக்பீர், அதாவது 'அல்லாஹு அக்பர்' என்று சொல்வது. இறந்தவருக்காக மன்னிப்புக் கேட்பதுதான் முழுக்க. அதற்கு முன் மகன் முன்னால் வந்து, "எங்க அத்தா யாருக்காவது பாக்கி வெச்சிருந்தா எங்ககிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லியிருப்பார். கடனோடு மண்ணுக்குள் போகக் கூடாது. சீக்கிரம் அடக்குங்கள் என்பது நபிமொழி, அதனால்தான் அந்த வேகம். அழக் கூடாது என்று இல்லை. நபியின் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அவர்களே அழுதார்கள். "கண் கலங்குகிறது, நெஞ்சு வேதனைப்படுகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத சொல்லைச் சொல்ல மாட்டோம்" என்றார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதுதான் கூடாது.

தொழுகையில் நீங்கள் சேர வேண்டியதில்லை, ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். சந்தூக்குக்குத் தோள் கொடுக்கலாம். பெரும்பாலான ஊர்களில் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கும் கூடவே போய், எல்லாரையும் போல மூன்று பிடி மண் போடலாம். 'இதிலிருந்து உங்களைப் படைத்தோம், இதிலேயே திருப்புவோம், இதிலிருந்தே மீண்டும் எழுப்புவோம்' என்ற குர்ஆன் வசனத்தைச் சொல்லித்தான் போடுவார்கள். உங்களுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் சும்மாவே போடுங்கள்.

அது கடந்துவிட்டது. இப்போது செய்யக்கூடியது இருக்கிறது. அவருடைய அம்மா உயிரோடிருந்தால் இத்தா இருப்பார். கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம் அது. உங்கள் வீட்டம்மாவைப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். சாப்பிட ஏதாவது கொண்டுபோகட்டும். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதும் வீடும் உண்டு, அது வேண்டாம் என்னும் வீடும் உண்டு. எது என்று நீங்களாக ஊகிக்காமல் அவரிடமே கேளுங்கள்.

செவ்வாய்ச் சந்தை முடிந்து கடை ஓய்ந்திருக்கும் புதன்கிழமை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, "உங்க அத்தா கபருக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க பாய்" என்று சொல்லுங்கள். மாலைக் கதையையும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. என் அத்தா எந்த மரத்தடியில் இருக்கிறார் என்பது என் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அது எனக்கு இன்றைக்கும் ஒரு குறைதான். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. பெரும்பாலும் பெயர் இருக்காது, படம் இருக்காது. தலைமாட்டில் ஒரு மீஸான் கல் மட்டும் இருக்கும். சுற்றிலும் அதே மாதிரி கற்கள். அவர் கூட வந்து காட்டினால்தான் எது என்று உங்களுக்குத் தெரியும்.