கருவில் வளரும் குழந்தைக்கு மீனைப் போலச் செவுள்கள் உண்டா?

மனிதக் கரு முதலில் மீனாகவும், பிறகு பல்லியாகவும் இருந்துவிட்டு, கடைசியில்தான் மனித உருவை அடைகிறது என்று படித்ததாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. எனக்கும் பள்ளியில் இப்படித்தான் சொல்லித்தரப்பட்டது. பிழையை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

ஒவ்வோர் உயிரும் கருவில் வளர்கையில் தன் மூதாதையரின் வரலாற்றைச் சுருக்கமாக மீண்டும் கடந்து வருகிறது என்று 1866இல் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் எழுதினார். அவர் வரைந்து வெளியிட்ட கருப் படங்களில் விலங்குகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் மழுங்கடிக்கப்பட்டிருந்தன. அவர் காலத்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் கண்டறிந்த கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், அதற்கு அடுத்த ஆண்டே இதைவிடச் சரியாகச் சொல்லியிருந்தார்: ஒரு விலங்கின் கரு வேறொரு விலங்கின் வளர்ந்த உருவத்தை ஒத்திருப்பதில்லை, அதன் கருவைத்தான் ஒத்திருக்கிறது.

செவுள் என்று தவறாகச் சொல்லப்படுபவை தொண்டை வளைவுகள். கருவுற்ற நான்காவது வாரத்தில் (மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ ஆறாவது வாரம்) ஐந்து மில்லிமீட்டர் அளவே உள்ள கருவின் கழுத்துப் பகுதியில் அவை மேடுகளாகத் தோன்றுகின்றன. மீனின் கருவிலும் இவ்வாறே தோன்றி, அங்கே பெரும்பாலானவை செவுள்களைத் தாங்குகின்றன. மனிதனில் அவை ஒருபோதும் மூச்சு விடுவதில்லை. முதல் வளைவிலிருந்து கீழ்த்தாடையும், நடுச்செவியின் சுத்தி, பட்டடை எலும்புகளும் உருவாகின்றன. முதல் இரு வளைவுகளுக்கு இடையிலுள்ள வெளிப்பள்ளம் வெளிக்காதுக் குழாயாகிறது.

பழைய அமைப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதி பரிணாமத்துக்கு இல்லை என்பதே இந்த வளைவுகள் நம் கருவிலும் தோன்றுவதற்குக் காரணம். ஆரம்பக்கட்ட உறுப்புகளைச் சார்ந்தே பின்வருவன உருவாவதால், அடித்தளத்தில் கை வைக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் கருவையே அழித்துவிடுகின்றன. குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்க நரம்பு இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று. மீனில் இதற்கு இணையான நரம்பு செவுள் தமனிக்குப் பின்னால் நேராகச் செல்கிறது. நம்மில் கழுத்து நீண்டு இதயம் மார்புக்குள் இறங்கியபோது அந்நரம்பு தமனியில் மாட்டிக்கொண்டதால், மூளையிலிருந்து மார்புவரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் அதே சுற்றுவழிதான், பல மீட்டர் நீளத்துக்கு. திட்டமிட்டு வடிவமைக்கும் எவரும் இப்படி அமைக்கமாட்டார்.

கருவுக்கு வாலும் உண்டு. எட்டாவது வாரத்துக்குள் அது சுருங்கி மறைந்து, வால் எலும்பு மட்டும் எஞ்சுகிறது.

கருவோடு இணைந்திருக்கும் மஞ்சட்கருப் பை இவை எல்லாவற்றையும்விட விந்தையானது. தொப்புள்கொடி வழியே உணவு பெறும் மனிதக் கருவுக்கு மஞ்சட்கரு தேவையில்லை. முட்டையிட்ட மூதாதையரிடமிருந்து வந்த அந்தப் பையில் மஞ்சட்கருவும் கிடையாது. ஆயினும் கருவின் முதல் இரத்த அணுக்கள் அதன் சுவரில்தான் உருவாகின்றன. பிற்காலத்தில் கருமுட்டைகளாகவோ விந்தணுக்களாகவோ மாறவிருக்கும் செல்களும் முதலில் அங்கேதான் காணப்படுகின்றன. அங்கிருந்து குடற்சுவர் வழியாக மெல்ல நகர்ந்துதான் அவை சினைப்பையையோ விந்தகத்தையோ அடைகின்றன.